சார்லாந்து: எல்லைக்கோடு பெற்றெடுத்த மக்கள்

ஜெர்மன் பத்திரிகைகளில் ஒரு வேடிக்கையான அளவுகோல் உண்டு. எங்கோ காட்டுத்தீ பரவினால் "சார்லாந்தைப் போல இத்தனை மடங்கு காடு எரிந்துபோனது" என்று எழுதுவார்கள். கடலில் எண்ணெய் கொட்டினாலும், தென்துருவத்தில் பனிப்பாறை உடைந்து விழுந்தாலும் இதே கதைதான். சதுர கிலோமீட்டரில் சொன்னால் வாசகருக்குப் புரியாதாம். சார்லாந்து என்றால் உடனே புரிந்துவிடுமாம்!

ஒரு மாநிலம் இப்படி அளவுகோலாகிப் போனதற்குக் காரணம் அதன் சிறிய உருவம். பெர்லின், ஹம்பர்க், பிரேமன் என்ற மூன்று நகர மாநிலங்களைத் தள்ளிவிட்டால், ஜெர்மனியின் 16 மாநிலங்களில் மிகச் சிறியது இதுதான். பரப்பு சுமார் 2,570 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 10 லட்சம். நூறு ஜெர்மானியர்களை வரிசையில் நிறுத்தினால், அதில் ஒருவர்தான் சார்லாந்துக்காரராக இருப்பார். தெற்கிலும் மேற்கிலும் பிரான்ஸ், வடமேற்கே லக்ஸம்பர்க், மற்ற பக்கமெல்லாம் ரைன்லாந்து-பலாட்டினேட் என்ற பெரிய ஜெர்மன் மாநிலம்.

அதனால் ஜெர்மனியில் சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு கேள்வி கிளம்பும். இவ்வளவு சின்ன இடத்துக்குத் தனி முதல்வர் எதற்கு, தனிச் சட்டசபை எதற்கு, தனிச் செயலகம் எதற்கு? பக்கத்து மாநிலத்தோடு சேர்த்துவிட்டால் செலவாவது மிச்சமாகுமே? அதிலும் இது நூற்றாண்டுகளாக இருந்த பழைய நாடு ஒன்றுமில்லையே, 1920-ல் யாரோ போட்ட கோடுதானே?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு அடியில் ஒரு எண்ணம் ஒளிந்திருக்கிறது. முதலில் ஒரு மக்கள் கூட்டம் இருக்கும், அதற்கென்று மொழியும் பழக்கமும் இருக்கும், அதைச் சுற்றித்தான் பிறகு எல்லை வரும் என்ற எண்ணம். சார்லாந்தில் நடந்தது தலைகீழ். அங்கே கோடு முதலில் வந்தது. 'சார்லாந்துக்காரர்' என்ற ஆள் பிறகுதான் வந்தார். அப்படிப் பிறந்த அடையாளம் போலியானதா? இல்லை. சொல்லப்போனால், பழம்பெருமை பேசும் பல அடையாளங்களைவிட இது உறுதியானது. ஏன் என்று பார்ப்பதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

ஒட்டுப்போட்ட துணி

இன்றைய சார்லாந்தின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு 1815-க்குப் போனால் தலை சுற்றும். நெப்போலியன் தோற்ற பிறகு, சார் நதிக்கரையில் இருந்த சார்புரூக்கன் நகரம் பிரஷ்யாவுக்குப் போனது. கிழக்கே இருந்த ஹோம்பர்க், சாங்ட் இங்பர்ட் போன்ற ஊர்கள் பவேரிய அரசரிடம் போயின. சாங்ட் வெண்டல் என்ற ஊர் இன்னும் வேடிக்கை. அது எங்கோ தூரத்தில் இருந்த கோபர்க் பிரபுவின் கைக்குப் போய், 1834-ல் பிரஷ்யாவுக்கு விற்கப்பட்டது. சார்லூயிஸ் நகரமோ பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1680-ல் கட்டுவித்த கோட்டை நகரம். நெப்போலியனின் புகழ்பெற்ற தளபதி மார்ஷல் நேய் பிறந்தது அங்கேதான்.

ஆக, 1815-ல் பிரஷ்யக்காரன் இருந்தான், பவேரியக்காரன் இருந்தான், நேற்றுவரை பிரெஞ்சுக்காரனாக இருந்தவனும் இருந்தான். சார்லாந்துக்காரன் என்று ஒருவன்கூட இல்லை.

பேச்சுமொழியும் ஒன்றில்லை. மாநிலத்தின் வடமேற்கில் பேசுவது மோசல் பிராங்கோனிய வட்டார வழக்கு. தென்கிழக்கில் பேசுவது ரைன் பிராங்கோனிய வழக்கு. 'அது' என்பதற்கு ஒரு பக்கத்தில் 'டாட்' என்பார்கள், இன்னொரு பக்கத்தில் 'டாஸ்' என்பார்கள். அந்த மோசல் வழக்கு லக்ஸம்பர்க்கிலும் உண்டு, பிரான்ஸின் லொரேன் பகுதியிலும் உண்டு. மொழியை வைத்து எல்லை போட்டிருந்தால் இந்த மாநிலம் பிறந்தே இருக்காது!

இவர்களை ஒன்றாகக் கட்டியது நிலத்துக்கு அடியில் இருந்த கரி. நிலக்கரியும், அதனால் வளர்ந்த இரும்பு ஆலைகளும்.

முதல் உலகப்போரில் ஜெர்மனி தோற்றது. போரில் நாசமான தன் சுரங்கங்களுக்கு ஈடாக சார் பகுதிச் சுரங்கங்களை பிரான்ஸ் கேட்டது. அங்கே ஒன்றரை லட்சம் பிரெஞ்சுக்காரர்கள் இருக்கிறார்கள் என்றும் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோ வாதாடினார். கடைசியில் வெர்சாய் ஒப்பந்தம் ஒரு நடுவழி கண்டுபிடித்தது. சுரங்கங்கள் பிரான்ஸுக்கு. நிர்வாகம் 15 வருடங்களுக்கு உலக நாடுகள் சங்கத்துக்கு (ஐ.நா. சபைக்கு முன்னோடி). அதன் பிறகு மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும். 1920 ஜனவரியில் இது அமலுக்கு வந்தது.

கோடு எப்படிப் போடப்பட்டது தெரியுமா? சுரங்கங்கள் எங்கே இருக்கின்றன, அதில் வேலை செய்பவர்கள் எந்த ஊர்களிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்துப் போடப்பட்டது. பிரஷ்யாவிலிருந்து ஒரு துண்டு, பவேரியாவின் பலாட்டினேட்டிலிருந்து ஒரு துண்டு. அதைச் சேர்த்துத் தைத்த துணிதான் 'சார் பகுதி'. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அந்தக் கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் வடக்கே இன்னும் நகர்த்தினார்கள். இன்றைய மாநிலத்தின் உருவம் அப்படி வந்ததுதான்.

முதல் கேள்வி: 1935

சரி, கோடு போட்டாயிற்று. அதற்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு என்ன ஆனது?

அவர்களுக்கு ஒரு பொது அனுபவம் கிடைத்தது. வீட்டில் ஜெர்மன் பேசினார்கள்; சுரங்கத்தில் முதலாளி பிரெஞ்சு அரசாங்கம்; ஆட்சி செய்தவர்கள் சங்கம் அனுப்பிய அந்நிய அதிகாரிகள். 1923-ல் சுரங்கத் தொழிலாளர்கள் 100 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரஷ்யக்காரனும் பவேரியக்காரனும் ஒரே கொட்டகையில் பட்டினி கிடந்தார்கள். ஒன்றாகப் பட்டினி கிடந்தவர்களைப் பிரிப்பது கஷ்டம்.

15 வருடம் முடிந்தது. 1935 ஜனவரி 13 அன்று வாக்கெடுப்பு. மூன்று வழிகள்: ஜெர்மனியோடு சேரலாம், பிரான்ஸோடு சேரலாம், இப்போதிருப்பது போலவே சங்கத்தின் கீழ் இருக்கலாம். 1920-களில் நடந்திருந்தால் இதில் பெரிய சிக்கல் இருந்திருக்காது. ஆனால் 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். ஜெர்மனிக்கு வாக்களிப்பது என்றால் ஹிட்லருக்கு வாக்களிப்பது என்று ஆகிவிட்டது.

முடிவு: 90.7 சதவீதம் ஜெர்மனிக்கு. பிரான்ஸுக்கு 0.4 சதவீதம், அதாவது இரண்டாயிரத்துச் சொச்சம் வாக்குகள். கிளெமான்சோ சொன்ன ஒன்றரை லட்சம் பேர் எங்கே போனார்களோ!

இந்த வாக்கெடுப்பைக் காவல் காத்தது வெளிநாட்டுப் படை. பிரிட்டன், இத்தாலி, ஸ்வீடன், நெதர்லாந்து என்று நான்கு நாட்டு வீரர்கள் நின்றார்கள். நாஜி ஆதரவு முன்னணியின் மிரட்டல் தெருவில் இருந்தது உண்மை. கத்தோலிக்க ஆயர்கள் ஜெர்மனிக்கு ஆதரவாக நின்றதும் உண்மை. ஆனாலும் வாக்கு ரகசியமானது. ஹிட்லர் யார் என்பது இரண்டு வருடமாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தே பத்தில் ஒன்பது பேர் வாக்களித்தார்கள்.

சுமார் 46,000 பேர், ஒன்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, "இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும், ஹிட்லர் போன பிறகு பார்க்கலாம்" என்ற பக்கம் நின்றார்கள். அவர்களில் சோஷலிஸ்டுகள் இருந்தார்கள், கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள், யோஹன்னஸ் ஹோஃப்மன் என்ற கத்தோலிக்கப் பத்திரிகையாளர் இருந்தார். நொயின்கிர்ஷன் ஊரில் பிறந்த 22 வயது இளைஞர் எரிக் ஹொனேக்கரும் அந்தப் பக்கம்தான் பிரச்சாரம் செய்தார். (பின்னாளில் கிழக்கு ஜெர்மனியின் தலைவரான அதே ஹொனேக்கர்தான்.) முடிவு வந்ததும் ஹிட்லர் எதிர்ப்பாளர்களும் யூதர்களும் ஊரைவிட்டு ஓட வேண்டியிருந்தது.

சார்லாந்தின் பெருமை பேசுகிற யாரும் தாண்டிப் போகக் கூடாத இடம் இது. "நாங்கள் எல்லைப்புற ஏழைத் தொழிலாளிகள், பெரிய நாடுகள் எங்களைப் பந்தாடின" என்ற கதை பாதிதான் உண்மை. 1935-ல் பந்து தானாகவே உருண்டு போய் விழுந்தது.

பாதி நாடு

போர் முடிந்தது. ஜெர்மனி மறுபடி தோற்றது. சார் பகுதி மறுபடி பிரான்ஸின் கைக்கு வந்தது. இந்த முறை பிரான்ஸ் வேறு வழியில் போனது. 1947-ல் தனி அரசியல் சட்டம், தனி அரசாங்கம், பிறகு தனிக் குடியுரிமை. ஆனால் காசு பிரெஞ்சு பிராங்க், சுங்கம் பிரான்ஸோடு, வெளியுறவும் பாதுகாப்பும் பிரான்ஸிடம். முதல்வராக வந்தவர், நாடு நாடாக ஓடி பிரேசில்வரை போய்த் திரும்பிய அதே ஹோஃப்மன். 1948-ல் சொந்தப் பல்கலைக்கழகமும் வந்தது.

இந்தப் பாதி நாட்டுக்கு ஒரு முழு விளையாட்டு அணி இருந்தது என்பதுதான் இதில் சுவாரசியம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சார்லாந்து தனிக்கொடியோடு 36 பேரை அனுப்பியது. (பதக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை.) 1954 உலகக் கோப்பைக் கால்பந்துக்கான தகுதிச் சுற்றில் சார்லாந்து விளையாடியது. விதியின் விளையாட்டைப் பாருங்கள், அதே பிரிவில் மேற்கு ஜெர்மனி! நார்வேயை ஓஸ்லோவிலேயே 3-2 என்று வென்ற சார்லாந்து, மேற்கு ஜெர்மனியிடம் 0-3, 1-3 என்று இரண்டு முறை தோற்றது. அவர்களை வென்ற மேற்கு ஜெர்மனி அந்த வருடம் உலகக் கோப்பையையே வென்றது. சார்லாந்து அணியின் பயிற்சியாளர் ஹெல்முட் ஷோன் பிற்பாடு மேற்கு ஜெர்மன் அணிக்குப் பயிற்சியாளராகி 1974-ல் உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

அடையாளம் என்பது சில சமயம் இப்படித்தான் சத்தமில்லாமல் உள்ளே வருகிறது. அரசியல்வாதி மேடையில் கத்தி வருவதில்லை. பதினோரு பேர் பொதுவான ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு தோற்கும்போது வருகிறது.

இரண்டாவது கேள்வி: 1955

ஜெர்மனியும் பிரான்ஸும் சமாதானமாகப் போக வேண்டும் என்றால் சார் பிரச்சனை தீர வேண்டும். மேற்கு ஜெர்மன் பிரதமர் அடேனவரும் பிரெஞ்சு அரசும் ஒரு திட்டத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். சார்லாந்து ஐரோப்பியப் பிரதேசமாகும். ஐரோப்பிய ஆணையர் ஒருவரின் மேற்பார்வையில் இருக்கும். சார்புரூக்கனை ஐரோப்பிய அமைப்புகளின் இருப்பிடமாக்கும் பேச்சுகூட இருந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: இன்று பிரஸ்ஸல்ஸுக்கு இருக்கும் பெயர் அந்தச் சின்ன ஊருக்குக் கிடைத்திருக்கலாம்.

1955 அக்டோபர் 23 அன்று மக்களைக் கேட்டார்கள். 67.7 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஹோஃப்மன் உடனே பதவி விலகினார். 'வேண்டாம்' என்றால் ஜெர்மனி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 1957 ஜனவரி 1 அன்று சார்லாந்து ஜெர்மனியின் மாநிலமானது. 1959 ஜூலையில் பிராங்க் போய் மார்க் வந்தது. இதற்குப் பயன்பட்டது ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. 1990-ல் கிழக்கு ஜெர்மனி சேர்ந்ததும் அதே பிரிவின் வழியாகத்தான். அதனால் 1957-ஐச் 'சின்ன இணைப்பு' என்று ஜெர்மானியர்கள் சொல்வதுண்டு.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. 1935-ல் கேட்டபோது "ஜெர்மனி" என்றார்கள். 1955-ல் கேட்டபோதும் "ஜெர்மனி" என்றார்கள். தனியாக இருக்கும் வாய்ப்பை இரண்டு முறையும் தள்ளிவிட்டவர்கள், ஜெர்மனிக்குள் வந்த பிறகு "பக்கத்து மாநிலத்தோடு மட்டும் சேர்க்காதே" என்று நிற்கிறார்கள். இது பிடிவாதம்தானே?

பிடிவாதம் மாதிரி தோன்றும். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை இல்லை. "எந்த நாடு?" என்பது ஒரு கேள்வி. "அந்த நாட்டுக்குள் யாராக?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு இரண்டு முறை ஒன்றாக வரிசையில் நின்று பதில் சொன்ன காரணத்தாலேயே இரண்டாவது கேள்விக்கும் அவர்களுக்கு ஒரு பதில் உருவாகிவிட்டது. ஜெர்மனியின் மற்ற மாநில மக்களில் யாரும் இருபது வருட இடைவெளியில் இப்படி இரண்டு முறை தங்கள் நாட்டையே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்ததில்லை. தாத்தா எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதை வைத்து ஒரு குடும்பத்துக்குள்ளேயே சண்டை வந்த ஊர்கள் அவை. சண்டையும் ஒரு உறவுதான்.

அன்றாடத்தில் ஒரு அடையாளம்

இன்று சார்லாந்துக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது?

சந்தித்தால் "உன்?" என்பார். ஜெர்மன் மொழியில் 'அப்புறம்?' என்கிற மாதிரி ஒற்றைச் சொல். நலமா, வீட்டில் எப்படி, வேலை எப்படி எல்லாம் அதற்குள் அடக்கம். பதிலும் அதே அளவுதான் இருக்கும்.

தோட்டத்தில் முக்காலி நட்டு, சங்கிலியில் தொங்கும் கம்பித் தட்டை நெருப்பின் மேல் ஆட்டி ஆட்டி இறைச்சி சுடுவார். அந்தத் தட்டுக்குப் பெயர் 'ஷ்வெங்கர்'. அதில் சுடும் இறைச்சிக்கும் பெயர் 'ஷ்வெங்கர்'. சுடுகிற ஆளுக்கும் அதே பெயர்! லியோனர் என்ற தொத்திறைச்சி இல்லாமல் விருந்து இல்லை. அந்தப் பெயரே பிரான்ஸின் லியோன் நகரிலிருந்து வந்தது. மேகி சாஸ் பாட்டிலை எதன் மேலும் கவிழ்ப்பார் (நூடுல்ஸ் இல்லை, கறுப்புத் திரவம்). "நன்றாகச் சாப்பிட்டால் போதும், அதுதான் முக்கியம்" என்பது ஊர்ப் பழமொழி.

பேச்சில் பிரெஞ்சு வாசம் அடிக்கும். நடைபாதைக்கு 'ட்ரொட்வா' என்பார்கள். பெண்களைப் பெயர் சொல்லிப் பேசும்போது 'அவள்' என்பதற்குப் பதில் 'அது' என்பார்கள். அதில் அவமதிப்பு கிடையாது, நெருக்கம்தான். பக்கத்து பலாட்டினேட்காரரைப் பற்றி நகைச்சுவைத் துணுக்குகள் ஏராளம். அவர்களும் பதிலுக்குச் சளைப்பதில்லை.

இதெல்லாம் வெறும் சாப்பாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் அடியில் சுரங்கம் இருக்கிறது. ஜெர்மனியில் சொந்த வீட்டில் வாழ்பவர்களின் விகிதம் மிக அதிகமாக உள்ள மாநிலம் இதுதான். காரணம், தொழிலாளியை ஓரிடத்தில் நிலைநிறுத்த 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரஷ்யச் சுரங்க நிர்வாகம் வீடு கட்ட மானியம் கொடுத்தது. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் நிலம், உருளைக்கிழங்கு, ஒரு ஆடு. ஆட்டுக்கே 'சுரங்கக்காரன் பசு' என்று பெயர். தூரத்துக் கிராமங்களிலிருந்து பல மணி நேரம் நடந்து வேலைக்கு வந்தவர்களை 'கெட்டிப்பாதக்காரர்கள்' என்று அழைத்தார்கள். பாதித் தொழிலாளி, பாதி விவசாயி. அந்தத் தோட்டத்தில்தான் இன்று ஷ்வெங்கர் ஆடுகிறது.

சுரங்கம் உயிரையும் வாங்கியது. 1962 பிப்ரவரி 7 அன்று லூயிசென்டால் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 299 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் பேர் உள்ள ஊரில் 299 என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்த யாரோ ஒருவர்.

இப்போது அந்தக் கரி இல்லை. 1986-ல் ஃபோல்க்லிங்கன் இரும்பாலையின் உலைகள் அணைந்தன. 1994-ல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2008 பிப்ரவரியில் சுரங்கத்தால் நிலமே அதிர்ந்து வீடுகள் விரிசல் விட்டன. 2012 ஜூனில் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. 1970 முதல் கார் தயாரித்துவந்த சார்லூயிஸ் ஃபோர்டு ஆலையிலும் 2025 நவம்பரில் உற்பத்தி நின்றது. கோட்டைப் போட வைத்த காரணமே போய்விட்டது. ஆனால் கோட்டுக்குள் இருந்தவர்கள் அப்படியே இருக்கிறார்கள். அடையாளம் உண்மையா போலியா என்று சோதிக்க இதைவிட நல்ல சோதனை கிடையாது. காரணம் போன பிறகும் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது?

எதிர்த்தரப்பு வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சார்லாந்துக்குக் கடன் அதிகம். 1992-லேயே ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம், சார்லாந்தும் பிரேமனும் கடும் நிதி நெருக்கடியில் இருப்பதாகவும் அவற்றுக்கு மத்திய அரசு உதவ வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 2020 முதல் இரண்டு மாநிலங்களுக்கும் வருடத்துக்கு 40 கோடி யூரோ வீதம் மத்திய அரசின் சிறப்பு உதவி போகிறது. 2014-ல் அப்போதைய சார்லாந்து முதல்வர் கிராம்ப்-கர்ரன்பவுவரே, கடன் பிரச்சனை தீராவிட்டால் மாநிலங்களின் எண்ணிக்கையை ஆறு அல்லது எட்டாகக் குறைக்கும் பேச்சு வரும் என்று எச்சரித்தார். பவேரியாவில் வரி கட்டுபவர் "என் காசில் உனக்குத் தனிச் சட்டசபையா?" என்று கேட்டால் அதைத் திமிர் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். மாநிலத்தைக் கலைத்தால் கடன் கரையாது. பக்கத்து மாநிலத்தின் தலையில் ஏறும். மிச்சமாவது சில அமைச்சர்களின் சம்பளமும் சில அலுவலக வாடகையும்தான். பள்ளிக்கூடமும் போலீஸும் ஆஸ்பத்திரியும் எப்படியும் வேண்டும். இன்னொன்று, அந்தக் கடனின் பெரிய காரணம் கரியும் இரும்பும் படுத்ததுதான். அந்தக் கரியில் பிரான்ஸும் எரிந்தது, ஜெர்மனியும் எரிந்தது. லாபத்தில் பங்கு கேட்டவர்கள் சாம்பலில் மட்டும் பங்கு வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

சார்லாந்து சார்பாகச் சொல்ல வேண்டிய முக்கியமான வாதம் பணத்தில் இல்லை. ஓரத்தில் இருக்கும் ஊருக்கு ஒரு சொந்தக் குரல் வேண்டும். ரைன்லாந்து-பலாட்டினேட்டின் தலைநகரான மைன்ஸ், ரைன் நதிக்கரையில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் சார்புரூக்கன் ஒரு மூலை. சார்புரூக்கனிலிருந்து பார்த்தால்தான் பிரான்ஸ் பக்கத்து வீடு.

பக்கத்து வீடு என்பது வெறும் பேச்சில்லை. 1984-ல் ஜெர்மனியும் பிரான்ஸும் எல்லைச் சோதனையைக் குறைக்கும் ஒப்பந்தம் செய்தது சார்புரூக்கனில்தான். அடுத்த வருடம் ஷெங்கன் ஒப்பந்தம் வந்தது. அந்த லக்ஸம்பர்க் கிராமத்துக்கு எதிர்க்கரையில் இருப்பது சார்லாந்தின் பெர்ல். 1997 முதல் சார்புரூக்கன் டிராம் பிரான்ஸின் சார்கெமின் நகருக்குள் ஓடுகிறது. 2043-க்குள் பிரெஞ்சையும் அன்றாடப் பேச்சுமொழியாக்கி, ஜெர்மனியின் முதல் பன்மொழி மாநிலமாக வேண்டும் என்று 2014-ல் மாநில அரசு திட்டம் போட்டது. மைன்ஸிலிருந்து ஆள்பவர் இதை மனப்பூர்வமாகச் செய்வாரா? சந்தேகம்தான்.

பெருமைக்கு ஒரு நிபந்தனை

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சின்ன ஊரின் இனிமையே அதன் நோயும்கூட. "இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்" என்று சார்லாந்துக்காரர் பெருமையாகச் சொல்வார். தெரிந்தவர் மூலம் வேலை நடக்கும் ஊரில், தெரிந்தவர் இல்லாதவன் கதி என்ன? சுரங்கத்துக்கும் ஆலைக்கும் இத்தாலியிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். 2015-க்குப் பிறகு சிரியாவிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் தாத்தா 1955-ல் வாக்களிக்கவில்லை. அதற்காக அவர்கள் பாதி சார்லாந்துக்காரர் ஆகிவிடுவார்களா?

இங்கேதான் இந்த மாநிலத்தின் பிறப்புக் கதை கைகொடுக்கிறது. ரத்தத்தாலும் ஆதி மொழியாலும் உருவான மக்கள் என்று சொல்லிக்கொள்ள சார்லாந்துக்கு வழியே கிடையாது. பிரஷ்யக்காரனையும் பவேரியக்காரனையும் ஒரே குழியில் இறக்கி வேலை வாங்கியதால் வந்த மக்கள் அவர்கள். அந்தக் குழியில் இறங்கியவன் எல்லாம் சார்லாந்துக்காரன் என்றால், சிசிலியிலிருந்து வந்து இறங்கியவனும் சார்லாந்துக்காரன்தான். இதை மறுப்பவர் தன் சொந்தத் தாத்தாவின் சான்றிதழையே கிழிக்கிறார்.

இதே சோதனை 2020 வசந்தத்தில் வந்தது. கொரோனா பரவியபோது ஜெர்மனி பிரான்ஸ் எல்லையை அடைத்தது. தினமும் லொரேனிலிருந்து வேலைக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள் கடைகளிலும் தெருவிலும் திட்டு வாங்கினார்கள். சார்லூயிஸில் பிறந்த அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஹைக்கோ மாஸ் உட்படப் பலர் அதைக் கண்டித்தார்கள். ஐம்பது வருட நட்பு ஒரு வாரத்தில் இவ்வளவு மெலிந்து போகுமா என்று இரண்டு பக்கமும் அதிர்ந்துபோனது. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் மறுபடி சோதனை தொடங்கியது. பாலத்தைத் தாண்டி ரொட்டி வாங்கப் போகிறவர்களுக்கு அது வெறும் செய்தி இல்லை.

சார்புரூக்கன் அரண்மனைக்கு முன்னால் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஜெர்மனியின் யூதக் கல்லறைத் தோட்டங்களின் பெயர்களை 2,146 தளக்கற்களில் செதுக்கி, எழுத்துள்ள பக்கம் கீழே இருக்கும்படி பதித்திருக்கிறார்கள். கலைஞர் யோஹன் கெர்ஸும் அவரது மாணவர்களும் ஆரம்பத்தில் இரவில் ரகசியமாகச் செய்த வேலை, 1993-ல் அதிகாரபூர்வமாக நிறைவடைந்தது. மேலே நடப்பவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவருக்கு நடை மெதுவாகும். 1935-ல் 90.7 சதவீதம் என்று எழுதிய நிலத்துக்கு அது பொருத்தமான சின்னம். ஷ்வெங்கர் எவ்வளவு சார்லாந்தோ அந்தக் கற்களும் அவ்வளவு சார்லாந்து.

மூன்றாவது கேள்வி

ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 29-ஆம் பிரிவின்படி மாநிலங்களை இணைக்க வேண்டுமென்றால் சம்பந்தப்பட்ட மக்களின் வாக்கெடுப்பு வேண்டும். 1996-ல் பெர்லினையும் பிராண்டன்பர்க்கையும் இணைக்க முயன்றபோது பிராண்டன்பர்க் மக்கள் மறுத்துவிட்டார்கள். திட்டம் அத்தோடு போனது. ஆகவே சார்லாந்தைக் கலைக்க நினைப்பவர்கள் சார்லாந்து மக்களிடம்தான் போய் நிற்க வேண்டும். அவர்கள் ஏற்கெனவே இரண்டு முறை கேட்கப்பட்டவர்கள். ஒருமுறை பயங்கரமான பதிலையும் ஒருமுறை புத்திசாலித்தனமான பதிலையும் சொன்னவர்கள். மூன்றாவது பதிலைச் சொல்லும் தகுதி அந்த அனுபவத்திலிருந்தே வருகிறது.

என்றைக்காவது அந்தக் கேள்வி வந்தால், அவர்கள் "வேண்டாம்" என்று சொல்வதே சரி. ஆனால் லியோனருக்காகவும் மேகிக்காகவும் மட்டும் சொன்னால் அது பலவீனமான காரணம். மாநிலம் போனாலும் அவை கிடைக்கும். "பிரான்ஸைப் பார்த்து ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறோம், வந்தவரை எங்களில் ஒருவராக ஏற்கிறோம், 1935-ஐ மறக்கவில்லை, இதற்குத்தான் எங்களுக்கு இந்த மாநிலம் வேண்டும்" என்று சொல்ல முடிந்தால் எந்தக் கணக்குப்பிள்ளையும் பதில் பேச முடியாது.

கோட்டை யாரோ போட்டார்கள். அதற்குள் எப்படி வாழ்வது என்பதை அங்கே இருப்பவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.